நாற்பது அடிச் சரிவு

எனக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஏழு. ஒரே பாயில் படுப்போம், ஒரே கம்பளியைப் போர்த்திக்கொள்வோம். அம்மா எனக்கு ஆற்றிக் கொடுத்த பார்லிக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, பிடிக்காமல் மீதியை அவளிடம் நீட்டினேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். கொஞ்ச நாளில் நான் எழுந்து முற்றத்தில் ஓடத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அது விட்டபோது அவளுடைய இரண்டு கால்களும் அசையவில்லை.

இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு கண்டியில் பார்க்காத வைத்தியர் இல்லை. எண்ணெய் தேய்த்தார்கள், பத்தியம் வைத்தார்கள், கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டார்கள். கால்கள் மெலிந்துகொண்டே போயின. மற்றபடி அவள் நன்றாக வளர்ந்தாள். குரல் கணீரென்று இருக்கும். வாய் என்னைவிட நீளம். பள்ளிக்கூடம் மட்டும் நின்றுபோனது; எழுத்தும் கணக்கும் என் பழைய புத்தகங்களைப் பார்த்து வீட்டிலேயே கற்றாள்.

இது என்னிடமிருந்து அவளுக்குப் போனது என்று எனக்குப் பல வருஷம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடந்த ஒரு நாள், ஒரே கோப்பையில் குடித்தாலே சில வியாதிகள் பரவும் என்று சொல்லி, டீச்சர் கரும்பலகையில் அந்த வியாதிகளை எழுதினார். கடைசியில் இருந்தது இதுதான். அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் மெதுவாக நடக்கப் பழகினேன். ஓடுவதில்லை, படியில் தாவுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கேட்டால் தலைவலி என்றேன். படிப்புக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

தங்கை இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. "ஏன் திருடன் மாதிரி நடக்கிற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எங்கள் வீடு கண்டி நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது. முன்வாசலில் நின்றால் கீழே கடைத்தெருவின் ஓடுகளும் ரயில் புகையும் தெரியும். அழகான இடம் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். வாசலிலிருந்து முற்றத்துக்கு நாலடி இறக்கம், கருங்கல் படிகள். முற்றம் அங்கிருந்து சரிந்து கீழ் ரோட்டுக்குப் போகும். தங்கை சின்னவளாக இருந்தவரை அப்பா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, ஒரு கதிரைக்கு இரண்டு பக்கமும் சைக்கிள் சில்லும் பின்னால் ஒரு சின்னச் சில்லும் பூட்டிக் கொண்டுவந்தார். கையால் சில்லை உருட்டிக்கொண்டு அவளே போகலாம். அவள் அதில் உட்கார்ந்து விறாந்தைக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவே நாள் முழுக்க ஓடினாள். வாசல்படி வந்ததும் நிற்பாள்.

வெளியே போக வேண்டுமானால் அப்பாதான் தூக்க வேண்டும். தாவணி போட்ட பெண்ணைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் தூக்கம் வருகிறது என்பாள். நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது அவள் கதிரையை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். திருப்பத்தில் நான் மறையும்வரை அங்கேயே இருப்பாள். அந்தத் திருப்பம் வரை என் முதுகு எரியும்.

எனக்குப் பதினாறு வயதானபோது பள்ளிக்கூடத்தில் கிராஃப் தாளில் நேர்கோடு வரையும் கணக்குகள் தொடங்கின. கணக்கு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். முதல் நாள் அவர் கொடுத்த கணக்கு கடுகண்ணாவை மலை ஏறும் ரயிலைப் பற்றியது. அடிவாரத்தில் ரயில் இந்த உயரத்தில் நிற்கிறது, இத்தனை அடி போனால் ஓரடி ஏறும், இத்தனை மைல் போன பிறகு எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் அந்த ரயிலில் வந்தவர்கள்தான். ஒருவருக்கும் அதில் கணக்கு இருப்பது தெரியாது.

"எங்க துவங்குது, எவ்வளவு சரியுது. இந்த ரெண்டும் தெரிஞ்சால் கோடு முழுக்கத் தெரியும், பிள்ளையள்," என்றார் டீச்சர்.

அடுத்த கணக்கு பாடப் புத்தகத்தில் இருந்தது. சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியின் வாசல் தரையிலிருந்து மூன்றடி உயரம். பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற சாய்வில் பீப்பாய்களை உருட்டி ஏற்ற ஒரு பாதை போட வேண்டும். எவ்வளவு நீளம் வேண்டும்?

முப்பத்தாறு என்று வகுப்பில் எல்லாரும் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்கள். நான் போகவில்லை. எங்கள் வாசல் நாலடி. நாலைப் பன்னிரண்டால் பெருக்கினால் நாற்பத்தெட்டு. முற்றம் அதற்குப் போதும். கிராஃப் தாளில் நாலடி உயரத்தில் ஒரு புள்ளி வைத்தேன், அங்கிருந்து கோட்டை இறக்கினேன், அது அடிக்கோட்டை நாற்பத்தெட்டில் தொட்டது. இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். தங்கைக்கு என்ன வேண்டும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் நகரசபைக் கந்தோரில் கிளார்க். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு அடி... கணக்கு சரிதானே பிள்ள?"

"சரிப்பா. புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே போட்டிருக்கேன்."

அம்மா தங்கையைப் பார்த்தாள். தங்கை சில்லின் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா லீவு போட்டார். கல்லும் மண்ணும் வந்து இறங்கின. மேசன் பாஸ் ஒருவர் வந்தார், சிங்களவர், அரைகுறைத் தமிழ் பேசுவார். வாசலிலிருந்து நேரே முன்னால், இரண்டு பக்கமும் கல் அடுக்கி நடுவில் மண் நிரப்பிக்கொண்டு போனார்கள். முதலில் பழைய படிகளை மூடினார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவேன். ஓடுவதில் அப்போது எனக்குக் கூச்சமே இருக்கவில்லை.

சில அடிகள் போனதும் எனக்கு என்னமோ சரியில்லாத மாதிரி பட்டது. பாதை இறங்குகிறது, ஆனால் பக்கச் சுவர் தாழவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும், முன்னைவிடச் சுவர் உயர்ந்தே இருந்தது. பாஸ் வேலையை நிறுத்திவிட்டு, ரசமட்டம் வைத்து, பாதை எந்தச் சாய்வில் வருகிறதோ அதே சாய்வில் ஒரு கயிற்றைக் கடைசிவரை இழுத்துக் கட்டினார். நாற்பத்தெட்டாவது அடியில், கயிறு தரையைத் தொட வேண்டிய இடத்தில், அது என் மூக்குக்கு நேராக நின்றது.

"சின்ன நோனா, இது எங்க போய் இறங்கும்?" என்று கேட்டார் பாஸ். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

வாசலிலிருந்து தங்கையின் சிரிப்புக் கேட்டது. பல மாதங்களாக அவள் அப்படிச் சிரித்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சிரித்தாள். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாஸைக் கூப்பிட்டு, "இன்னைக்குப் போதும்," என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அரைகுறையாய் நின்ற அந்தச் சுவர் வாசலை அடைத்துவிட்டது. படிகளும் போயின, பாதையும் வரவில்லை. எல்லாரும் குசினிப் பக்கமாகச் சுற்றிப் போய்வந்தோம். அந்தப் பக்கம் வெறும் மண்ணும் பாசியும். அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கமாக இறங்கினார். நான் குடை பிடித்தேன்.

பாசியில் அவர் கால் வழுக்கியது. விழும்போதும் அவளை விடவில்லை. இரண்டு கையும் அவளைப் பிடித்திருந்ததால் முழங்காலால் அப்படியே கல்லில் விழுந்தார். வேட்டியில் ரத்தம் ஊறியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு அடியில் நுழைந்து வந்தார். அவர்கள் முஸ்லிம் குடும்பம், மாமியின் மாமனார் காலத்திலிருந்தே அந்தக் காணியில் இருப்பவர்கள். மாமியும் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்துத் தங்கையை உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் வைத்தார்கள். அவள் உடம்பெல்லாம் சேறு. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமேல் என்னை யாரும் தூக்கக் கூடாது," என்றாள்.

டாக்டர் வீட்டுக்கே வந்து இரண்டு பேரையும் பார்த்தார். அப்பா பல நாள் காலை நீட்டியே வைத்திருந்தார். கந்தோருக்கு நொண்டிக்கொண்டு போனார். நான் அவருடைய காயத்துக் கட்டை மாற்றும்போதெல்லாம், ஒன்றுக்கு இரண்டாக்கிவிட்டேன் என்ற நினைப்புத்தான். முதலில் தங்கையின் கால், இப்போது அப்பாவின் கால். என் கை பட்ட இடமெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நம்பத் தொடங்கினேன். கணக்குப் புத்தகத்தைத் தொடுவதையே விட்டேன். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை கதிரையை உருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கட்டம் போட்ட தாள் இருக்கா?"

"எதுக்கு?"

"கொண்டா. நீ போட்ட கணக்கை எனக்குச் சொல்லு. எங்க பிசகுச்சுன்னு பார்ப்போம்."

எனக்குச் சொல்ல மனமில்லை. ஆனால் அவள் கேட்டு நான் மறுத்தது கிடையாது. தாளை எடுத்து விரித்தேன். நாலடியில் தொடங்கும் கோட்டைக் காட்டினேன். அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தைக் காட்டினேன்.

"இந்த அடிக்கோடு எது?"

"தரை."

"நம்ம முத்தம் இப்படி நேராவா இருக்கு?"

நான் தாளையே பார்த்தேன். கிட்டங்கியின் முன்னால் தரை சமமாக இருந்தது, ஏனென்றால் கணக்கில் அப்படித்தான் இருந்தது. எங்கள் முற்றமோ மலை. கண்டியில் பிறந்து வளர்ந்தவள், தினமும் அந்தச் சரிவில் இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறவள், தாளில் அதை மட்டமாக வரைந்திருந்தேன்.

அன்றைக்கே வெளியே போய் அளந்தேன். ஒரு போத்தலில் பாதித் தண்ணீர் நிரப்பிப் படுக்க வைத்து, அது மட்டமாக நிற்கிறதா என்று பார்த்து, கயிறு பிடித்து, கயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அடிக்கோலை வைத்தேன். தங்கை வாசலிலிருந்து சத்தம் போட்டு, "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முற்றம் பத்தடிக்கு ஓரடி இறங்கியது. தாளில் அதையும் கோடாகப் போட்டோம். பாதை பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறங்குகிறது, தரை அதைவிட வேகமாக இறங்குகிறது. போகப் போக இரண்டு கோடும் விலகிக்கொண்டே போயின.

"சந்திக்கவே சந்திக்காது," என்றேன்.

அவள் அடிக்கோலை வாங்கி இரண்டு கோட்டையும் பின்பக்கமாக நீட்டினாள். தாள் போதவில்லை, இன்னொரு தாளை ஒட்டினோம், அதற்குப் பிறகும் போதவில்லை. கடைசியில் நான் கணக்காகப் போட்டுச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் இருநூற்று நாற்பது அடியில் சந்திக்கின்றன.

"அது மலைக்குள்ளல்லவா வரும்! பாஸைக் கூப்பிட்டுக் குகை வெட்டச் சொல்லு," என்றாள்.

இந்தத் தடவை நானும் சிரித்தேன். சிரித்த பிறகு, சிரிக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

முன்னால் போக முடியாது என்றால் பக்கவாட்டில் போகலாம் என்று சொன்னது அவள்தான். எங்கள் வீட்டின் வலது பக்கம், மாமி வீட்டை நோக்கி, தரை மெல்ல ஏறும். அந்தப் பக்கம் வேலிக்கு அப்பால் ஒரு ஒழுங்கை மாமி வீட்டு வாசலைத் தொட்டு மேல் ரோட்டுக்குப் போகிறது. அளந்து பார்த்தேன். இருபது அடிக்கு ஓரடி ஏற்றம். பாதை இறங்கி வருகிறது, தரை ஏறி வருகிறது. இரண்டும் சந்தித்தே ஆக வேண்டும். பன்னிரண்டுக்கு ஓரடி என்று வைத்துப் போட்டேன். முப்பது அடியில் சந்தித்தன. அதுவும் எங்கள் வேலிக்கு உள்ளேயே.

"சரியா வந்துருச்சு!" என்று எழுந்துவிட்டேன். "நான் காலையில பள்ளிக்கூடம் போக முந்தி உன்னைத் தள்ளிக்கிட்டு ரோடு வரைக்கும் போவேன். சாயங்காலம் வந்ததும் திரும்பவும் கூட்டிட்டுப் போவேன். ஞாயித்துக்கிழமை வாவிப் பக்கம்..."

"யார் தள்ளுறது?"

"நான்தான்."

"தினமும்?"

"தினமும்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "பீப்பாய்க்குப் போட்ட கணக்கைத்தான் இன்னும் வச்சிருக்கியா? நான் என்ன பீப்பாயா, நீ உருட்டிக்கிட்டுப் போக?"

"உனக்காகத்தானே..."

"எனக்காக இல்ல. உனக்காக. என்னைத் தள்ளித் தள்ளி நீ எதையோ தீர்க்கப் பார்க்கிற. என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பல வருஷமாக அடைத்து வைத்திருந்தது, நான் நினைத்தே பார்க்காத நேரத்தில் வெளியே வந்தது.

"எனக்குத்தான் முதல்ல வந்துச்சு," என்றேன். "அந்தக் கஞ்சி... நான்தான் குடுத்தேன்."

"தெரியும். அம்மா ஒருதரம் மாமிக்கிட்ட சொல்லி அழுதாங்க. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு."

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எல்லாரும் என்னிடம் மறைத்திருந்தார்கள்.

"உனக்கு என் மேல கோபம் இல்லையா?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சில நாள் வரும்," என்றாள். "நீ மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடி வருவல்ல, அப்ப வரும். நீயும் சின்னப் பிள்ளதானே, உனக்கு என்ன தெரியும்னு எனக்கு விளங்குது. விளங்கினாலும் வரும். அதுக்கு நான் என்ன செய்ய? ஆனா நீ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு எனக்குச் சேவகம் பண்ண வராத. அதைப் பார்த்தா இன்னும் கோபம் வருது."

நான் அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் தானா ஏறி இறங்குற கணக்குப் போடு," என்றாள்.

அதற்கு எந்தச் சாய்வு சரி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. செய்துதான் பார்க்க வேண்டும். மாமியின் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை இருந்தது. நாங்கள் அவரை நானா என்போம். கடையை இரவில் அடைக்கிற பழைய பலகைகள் அவர் வீட்டுப் பின்புறம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் பத்தடி நீளம். அவற்றைக் கேட்டு வாங்கி, விறாந்தையில் பக்கம் பக்கமாகப் போட்டு, ஒரு முனைக்கு அடியில் செங்கல் வைத்தோம். பத்தங்குல உயரம் வைத்தால், அது புத்தகத்துச் சாய்வு. தங்கை பாதிக்கு மேல் ஏற முடியாமல் பின்னால் நழுவினாள். நான் பிடிக்கப் பாய்ந்தேன். "தொடாத!" என்று கத்தினாள். எட்டங்குலம் வைத்தோம், மூச்சு வாங்கியது. ஆறங்குலம் வைத்தபோது மேலே வரை போனாள். கை இரண்டும் சிவந்திருந்தன. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி, இன்னொரு தரம் ஏறினாள்.

பத்தடிக்கு ஆறங்குலம் என்றால் இருபது அடிக்கு ஓரடி. அந்தச் சாய்வை வைத்துக் கோடு போட்டேன். இரண்டு கோடும் நாற்பது அடியில் சந்தித்தன. கடைசிப் பத்தடி வேலிக்கு அந்தப் பக்கம், மாமியின் காணிக்குள் இருந்தது.

"அடுத்தவங்க காணியைக் கேக்கிறதா? முப்பதடியே போதும், நம்ம தள்ளிக்கலாம்," என்றாள் அம்மா. முதல் சுவரைக் கட்டி முடிக்காமல் கல்லைக் கொட்டி வைத்திருக்கிற வெட்கமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்கப் போனால் நான்தான் போக வேண்டும். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

மாமி கதவைத் திறந்து, "வாங்க மகள், ஏன் அங்கேயே நிக்கிறீங்க?" என்றார். உள்ளே நானா கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தாளை விரித்து இரண்டு கோட்டையும் காட்டினேன். இந்த இடத்தில் உங்கள் வேலி இருக்கிறது, இந்த இடத்தில் பாதை முடிகிறது என்றேன். சொல்லச் சொல்ல, கேட்பது பெரிய காரியம் என்று உறைத்தது. அந்தப் பத்தடியில் அவர்களுடைய கொய்யா மரம் நின்றது.

"முப்பதடியில நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டார் நானா.

"அப்ப யாராவது தள்ளணும். அவ தானாப் போகணும்னு சொல்றா."

நானா மீசையைத் தடவிக்கொண்டு மாமியைப் பார்த்தார். மாமி என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்டைக்கு அந்தப் புள்ள சேத்தோட உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்தேன். கொய்யா மரம் இன்னொண்டு வைக்கலாம். ஆனா ஒண்டு சொல்றேன். அந்த இடத்தில வேலியை அடைக்காதீங்க. திறந்து மூடுற மாதிரி ஒரு படலை வைங்க. எங்கட மருமகளும் மகள்மாரும் ரோட்டால வர மாட்டாங்க. அந்த வழியால உங்கட வீட்டுக்கு வந்து போவாங்க. எத்தனை நாளைக்கு நான் வேலியைத் தூக்கிட்டு நுழையிறது?"

நானா சிரித்தார். "உங்கட அப்பாவை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்," என்றார். அப்பா நொண்டிக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தார்.

பாஸ் திரும்ப வந்தார். இந்தத் தடவை முதல் கல் வைக்கும் முன்னாலேயே கயிற்றை முழுக்க இழுத்துக் கட்டச் சொன்னேன். நாற்பதாவது அடியில் கயிறு புல்லைத் தொட்டது. நான் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். பழைய சுவரைப் பிரித்து அந்தக் கல்லையே இதற்கு எடுத்தார்கள். கொய்யா மரத்தை வெட்டிய அன்றைக்கு மட்டும் நான் மாமி வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. அதில் பழம் நிறைய இருந்தது.

வேலை முடிந்து மண் இறுகியதும், ஒரு காலையில் தங்கை வாசலுக்கு வந்தாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள், பார்க்க மாட்டேன் என்றாள். அப்பா பாதையின் முடிவில் போய் நின்றார். நான் கதிரைக்குப் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தேன்.

"கையை எடு."

எடுத்தேன்.

"பின்னால வராத. அங்கேயே நில்லு."

நின்றேன். அவள் இரண்டு சில்லையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு இறங்கினாள். நடுவில் ஒரு தரம் கதிரை கொஞ்சம் வேகம் எடுத்தது. என் உயிர் போய் வந்தது. அவள் சாய்ந்து சில்லைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். படலையைத் தாண்டிக் கீழே போனதும், மேலே ஏறும் தரையில் சில்லைத் தள்ளித் தள்ளி மாமியின் வாசலுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்பா அவளைத் தொடாமல், வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மாமியின் மகள்மார் அவளை உள்ளே கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம்.

நான் வாசலில் தனியாக நின்றேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு அப்போது வந்தது வேறொரு நினைப்பு. அவளுக்குக் காய்ச்சல் வந்ததில் என் தப்பு ஏதும் இல்லை, அது எனக்கே தெரியும். ஆனால் அந்த நாலடியில் அவள் வருஷக்கணக்காக நின்றாளே. ரெண்டு பலகையும் கொஞ்சம் செங்கலும் வைத்துப் பார்க்க, அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்க, எனக்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது? என் மனவருத்தத்தைப் பார்த்துக்கொள்ளவே எனக்கு நேரம் சரியாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் தங்கியது குறைவு. மாமியின் கடைசி மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். அந்தப் பெண்ணைப் பார்த்து அவளுடைய தோழிகள் வந்தார்கள். வெளியே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் அவர்கள். மாமி வீட்டுப் பின் விறாந்தையில் பாய் விரித்து வகுப்பு நடந்தது. நான் படித்து முடித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக அவள் வாங்கிப் போனாள். புத்தகத்தில் உள்ள கணக்குகளை அப்படியே கொடுக்க மாட்டாள். ஒவ்வொரு கணக்கிலும் முதலில் தரை எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்பாள். எனக்குத் தெரியாதவை அவளுக்குத் தெரிய ஆரம்பித்தன. நான் சந்தேகம் கேட்டால் பொறுமையில்லாமல் சொல்லித் தருவாள்.

எனக்குக் கல்யாணம் ஆகிக் குண்டசாலைப் பக்கம் போய்விட்டேன். புறப்படும்போது அழுதது நான்தான். அவளை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, புதுச்சேலை கட்டிக்கொண்டு, என் காலால் நடந்து போகிறேனே என்று இருந்தது. "எத்தனை நேரம் அழுவ? மாப்பிள்ள வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க," என்று அவள்தான் விரட்டினாள். குண்டசாலையில் எங்கள் வீட்டு வாசலில் படி இருந்தது. வந்த மாதமே கணவரிடம் சொல்லி, பக்கவாட்டில் ஒரு சரிவு போடச் சொன்னேன். யாருக்கு என்று மாமியார் கேட்டார். தங்கச்சிக்கு என்றேன். அவள் அங்கே வந்தது இரண்டே தரம். வேலை இருக்கிறது என்பாள்.

ஒரு தரம் தீபாவளிக்கு முந்தின வாரம் பலகாரம் எடுத்துக்கொண்டு சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போனேன். தங்கை மாமி வீட்டில் என்றார்கள். படலையைத் திறந்துகொண்டு பின் விறாந்தைக்குப் போனேன். சின்னதும் பெரிசுமாகப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். தங்கை ஒரு பெண்ணின் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பிழை என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, கொஞ்சம் இரு. வகுப்பு முடியல்ல," என்றாள்.

மாமி எனக்கு ஒரு கதிரை போட்டார். பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வகுப்பு முடிய வெகு நேரம் ஆனது.